தறவாட்டுப் படங்கள்

துபாயிலிருந்து வந்து குழித்துறையில் மென்பொருள் கம்பெனி தொடங்கிய ஆன்ட்ரூஸ் சாருக்கு ஒரு சட்டம் உண்டு. படமோ வீடியோவோ, எல்லாம் ஆபீசுக்குப் பொதுவான ஒரே ஃபோல்டரில்தான் கிடக்க வேண்டும். பாகம் பிரிக்காத குடும்ப வீடு மாதிரி இருக்கட்டும் என்று அதற்குத் ‘தறவாடு’ எனப் பேரும் வைத்தார். ஆளாளுக்கு ஒரு நகல் வைத்தால் ஒற்றுமை போய்விடுமாம். அவரும் அவருடைய தம்பியும் பாகம் கேட்டுக் கோர்ட்டில் நிற்பது சந்தைக்கே தெரியும். அதனால் இந்த உபதேசம் வரும்போதெல்லாம் அங்கே வேலை பார்க்கும் சுல்ஃபியா சிரிப்பை மறைக்கக் குனிந்து கீபோர்டைத் துடைப்பாள்.

அன்றைக்குச் சிரிக்க நேரமில்லை. திற்பரப்பு விடுதிக்காரர் கோலப்பனுக்கு அவள் செய்த அறைப் பதிவுச் செயலி சாயங்காலத்துக்குள் ஓட வேண்டும். செயலியையும் அதற்கு வேண்டிய கோப்புகளையும் சர்வருக்கு அனுப்ப ஒரே பொதியாகக் கட்டித் தருவது டாக்கர் என்ற மென்பொருள். அறைப் படங்களைத் தறவாட்டிலிருந்து காப்பி எடுக்கும் வரிக்கு வந்ததும் அது நின்றுவிட்டது. அப்படி ஒரு கோப்பே இல்லையாம்.

“பாதையைத் தப்பா அடிச்சிருப்பா. ஓடலைன்னா திங்கக்கிழமை முதல் இது டெல்வினுக்க வேலை. தப்பு சுல்ஃபியாவுக்கதுன்னு கோலப்பனுக்கு மெயிலும் போட்டாச்சு” என்றார் சார், பக்கத்து மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்த டெல்வினைக் காட்டி.

அவள் பேரில் வந்த முதல் வேலை அது. விடுவாளா? செயலியின் ஃபோல்டருக்குள் ஒரு படத்தைப் போட்டு டாக்கரைக் காப்பி எடுக்கச் சொன்னாள். எடுத்தது.

“சார், நாம கையில குடுத்த ஃபோல்டரைத்தான் டாக்கர் பாக்கும். தறவாடு அதுக்கு வெளிய கெடக்கு. படங்களை உள்ள கொண்டு போட்டா சரியாவும்.”

“எனக்குத் தெரியுது, அதுக்குத் தெரியாதா? துபாயில நான் பாக்காத சர்வரா? எந்திரி பிள்ளே.”

சார் உட்கார்ந்து, தறவாட்டுக்கு ஒரு ஷார்ட்கட் செய்து செயலியின் ஃபோல்டருக்குள் வைத்தார். பொதி முறுமுறுக்காமல் கட்டி முடிந்தது.

“டெல்வின், பாத்துப் படிச்சுக்கோ மக்கா” என்றவர், அந்தச் சூட்டிலேயே சர்வரில் ஏற்றிவிட்டுக் கோலப்பனை ஸ்பீக்கரில் கூப்பிட்டார். “தொறந்து பாருங்க அண்ணாச்சி.”

“தொறந்தாச்சு. ரூம் படமெல்லாம் வெறும் வெள்ளையால்லா இருக்கு? வெள்ளையடிச்ச சொவரைக் காட்டியா நான் ஆள் புடிக்கணும்?”

டெல்வினுக்குக் குடித்த டீ மூக்கில் ஏறியது.

“பொதிக்குள்ள போனது ஷார்ட்கட்டு மட்டுந்தான். சர்வர்ல தறவாடு ஏது? ஆளை அனுப்பச் சொன்னா வெலாசத்தை அனுப்பியிருக்கீங்களே சார்” என்றாள் சுல்ஃபியா.

சார் ஃபோனைக் கையால் பொத்தினார். “சரி, நீயே பாரு.”

“டெல்வின் பாப்பான்லா?”

“எனக்கு வேண்டாம் கேட்டியா” என்றான் டெல்வின்.

“அண்ணாச்சி லைன்லதான் இருக்காரு. தப்பு ஆருக்கதுன்னு மாத்திச் சொல்லுங்க சார். பொறவு கை வைக்கேன்.”

சார் ஃபோனிலிருந்து கையை எடுத்தார். “அண்ணாச்சி, அந்த மெயிலு... சுல்ஃபியா மேல தப்பில்ல. நான் வச்ச ஏற்பாடுதான் சரியில்ல.”

“அந்த எளவு எனக்கு எதுக்கு? படம் வருமா?”

“சுல்ஃபியா போடுவா. இது அவளுக்க வேலைதான்.”

அவள் படங்களைச் செயலியின் ஃபோல்டருக்குள் காப்பி செய்து, மறுபடி கட்டி ஏற்றினாள். கட்டிலும் மெத்தையுமாகக் கோலப்பனின் அறைகள் திரையில் வந்தன.

“இந்த ஒரு தடவைதான். பாகம் பிரிக்கது வழக்கமாயிரப்பிடாது” என்றார் சார்.

“இல்ல சார். மத்ததுக்குத்தான் கோர்ட்டு இருக்கே.”