நாற்பதாவது விலாங்கு

அமெரிக்காவின் ஸ்னேக் ஆற்றங்கரையில் லாம்ப்ரே மீனை எல்லாரும் விலாங்கு என்றுதான் சொல்வார்கள். அதற்குத் தாடையே கிடையாது. வாய் என்ற பெயரில் ஓர் உறிஞ்சு வட்டம், அவ்வளவுதான். அதன் குஞ்சுகள் அணைகளைத் தாண்டிக் கடலுக்குப் போய்ச் சேருகின்றனவா என்று அறிய, மீன் ஆய்வு செய்யும் ஆர்டித் அவற்றின் வயிற்றைக் கீறி, இருக்குமிடத்தை ஒலியால் காட்டிக்கொடுக்கும், அரிசிமணியைவிடச் சின்ன ஒலிக்கருவியை உள்ளே வைப்பாள். கொசுவுக்குக் குடல்வால் அறுவை செய்யச் சொன்னாலும் செய்து, தையல்கூடப் போடாமல் பறக்கவிடுகிற கை அவளுடையது.

அந்தக் கைக்குத்தான் இப்போது சோதனை. விலாங்கு, ஆற்றங்கரைப் பழங்குடியான அவள் குலத்தின் விருந்துப் பந்தியில் இடம்பிடித்த உணவு. அதன் பிள்ளைகளைக் கீறப் பெரியவர்கள் லேசில் சம்மதிக்கவில்லை. கடைசியில் வெர்னிதா பெரியம்மா ஒரு நிபந்தனை போட்டாள்: "ஒண்ணு செத்தாலும் கத்தியைக் கீழ வெச்சிடணும்டி." ஆர்டித்தும் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை நாற்பது குஞ்சுகளைக் கொண்டுபோய், துறையில் கட்டியிருந்த படகின் ஓரமாக வாளியைக் கவிழ்த்து விட்டார்கள். புதன்கிழமை காலைக்குள் முப்பத்தொன்பது குஞ்சுகள் அணையைத் தாண்டிவிட்டன. நாற்பதாவது மட்டும் துறையிலேயே கிடந்து ஒலி எழுப்பிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாக ஓர் அங்குலம் நகரவில்லை.

"செத்துக் கெடக்குதுடா," என்றாள் ஆர்டித்.

படகோட்டி டெல்வின் அவளுடைய சித்தப்பா மகன். "உன் கை பட்டா சாகாதுக்கா. உன் சமையல் பட்டாத்தான் சாகும்."

"வாயை மூடிட்டுப் படகை எடு. உடம்பையாவது பெரியம்மாகிட்ட காட்டணும்."

கருவியின் சத்தத்தைப் பிடிக்கும் கைப்பெட்டியில் நாற்பது என்ற எண் பளிச்சென்று நின்றது. வலையைப் போட்டுத் துறையின் அடியையே வாரினார்கள். டயர் வந்தது, ஒற்றைச் செருப்பு வந்தது, நாற்காலி வந்தது. ஒரு ரயில் மட்டும்தான் வரவில்லை. குஞ்சைக் காணோம்.

"கொஞ்சம் மேல தள்ளிப் போ. சத்தம் எங்க கொறையுதுன்னு பாக்கலாம்."

மெதுவாக அரை மைல் மேலே போனார்கள். சத்தம் இம்மியும் குறையவில்லை. இன்னும் அரை மைல். அதே சத்தம்.

டெல்வின் இயந்திரத்தை நிறுத்தினான். "அக்கா, செத்த மீனு எதிர்நீச்சல் போடுது! நம்மளையே துரத்திட்டு வருது!"

ஆர்டித் பெட்டியைப் பார்த்தாள், ஆற்றைப் பார்த்தாள், பிறகு தன் காலடியைப் பார்த்தாள். சட்டென்று பின்பக்கம் குப்புறப் படுத்துப் படகின் அடியில் கையை விட்டுத் துழாவினாள். பென்சில் நீளத்தில் வழுவழுவென்று ஏதோ நெளிந்தது. படகை விட்டுவிட்டு அவள் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டது.

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுவது விலாங்கின் குணம் என்பார்கள். இது படகுக்கு வாயைக் காட்டியிருந்தது!

வயிற்றில் கீறல் ஆறி, மயிரிழைக் கோடாக இருந்தது. ஆர்டித் அழுதாளா சிரித்தாளா என்று டெல்வினுக்கே தெரியவில்லை. படகு மட்டும் பூகம்பம் வந்ததுபோல் ஆடியது.

இந்த முறை படகுப் பக்கமே வேண்டாமென்று கரைப்பாறையிலிருந்து விட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை, அணைக்குக் கீழேயிருந்து, நாற்பதாவதும் தாண்டிவிட்டது என்று செய்தி வந்தது. உடனே ஆர்டித் பெரியம்மாவுக்குப் போன் போட்டாள்.

கதை முழுவதையும் கேட்டுவிட்டுப் பெரியம்மா சொன்னாள்: "ஓசியிலயே கடலுக்குப் போயிடலாம்னு பாத்திருக்கு. நம்ம குடும்ப ரத்தம்தான், சந்தேகமே இல்ல."

"அப்போ கத்தி, பெரியம்மா?"

"கையில கத்தியை வெச்சுக்கிட்டு என்னடி போன் பேச்சு? வேலையைப் பாரு."

ஆர்டித் அடுத்த குஞ்சுகள் இருந்த தொட்டிக்குள் கையை விட்டாள். நாற்பத்தொன்றாவது அவள் கையுறையைக் கவ்வியது.