வீட்டுக்காரர் பெயர்

1

இந்தக் கதை ஆத்திரத்தில் பிறந்தது. நயமில்லை, நடுநிலை இல்லை என்று பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரைக்குடிப் பக்கம் ஓர் ஒன்றிய அலுவலகத்தில் (எது என்று சொல்லமாட்டேன், எனக்கு வேலை வேண்டும்) கம்ப்யூட்டரில் பதிவு செய்கிறவன் நான். தற்காலிகம். பதினோரு வருடமாகத் தற்காலிகம்!

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன்.

'பங்குனி வெயில் அந்த அலுவலகத்தின் கூரையில்...' வேண்டாம். வெயிலை யாருக்குத் தெரியாது?

'ஆயிரம் சன்னல் வைத்த மாளிகையில் ஒருத்தி...' சீ, சுற்றுலா விளம்பரம்.

'தனக்கு வீடு இல்லை என்பதை அழகியால் அரசாங்கத்திடம் நிரூபிக்க முடியவில்லை.' இது பரவாயில்லை. இதிலிருந்தே போகலாம்.

2

அழகி வலையபட்டியில் ஒரு செட்டியார் வீட்டைக் காவல் காக்கிறாள். சொந்தக்காரர் முருகப்பன் சென்னையில் இருக்கிறார். வருடத்துக்கு ஒரு தடவை முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வந்துபோவார். அழகியும் அவள் கணவன் இருளாண்டியும் இருப்பது பின்பக்கம், சிமெண்ட் அட்டை போட்ட ஒற்றைச் சாய்ப்பில். இப்போது அந்த வீட்டைத் தங்கும் விடுதி நடத்தக் கொடுத்துவிட்டார்கள். சித்திரை பிறந்ததும் இவர்கள் காலி செய்ய வேண்டும். ஊருக்கு வெளியே மூன்று சென்ட் பட்டா இருக்கிறது. அதில் அரசு வீடு கேட்டு அழகி விண்ணப்பித்தாள். பட்டியல் மார்ச் முப்பத்தொன்றோடு மூடிவிடும்.

விண்ணப்பம் தள்ளுபடியானது. காரணம்: 'குடும்பத்துக்குச் சொந்த வீடு உள்ளது. அறைகள் நாற்பத்திரண்டு. தேக்குக் கதவு. உரிமையாளர் பெயர்: இருளாண்டி.'

நாற்பத்திரண்டு அறை வைத்திருக்கிறவன் எதுக்கய்யா மூன்று சென்ட்டில் ஓர் அறை கேட்கிறான்? ஐந்து பேர் கையெழுத்துப் போட்ட கோப்பு அது. ஒருத்தருக்குக்கூடவா தோன்றவில்லை?

3

கோபத்துக்கு ஒரு வில்லன் வேண்டும். சேவுகப்பெருமாள் என்று ஓர் அதிகாரியைப் படைத்தேன். தொப்பை, தங்க வாட்ச். அழகியை வாசலிலேயே நிற்கவைத்து, 'இந்தாம்மா, உனக்கெல்லாம்...' என்று அவர்

இல்லை. அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. எங்கள் அதிகாரி அப்படிப்பட்டவர் இல்லை. அழகி வந்த அன்று மூன்று மணியாகியும் அவர் சாப்பிட்டிருக்கவில்லை. மேசையில் கோப்புகள் அடுக்கடுக்காக இருந்தன, மாவட்டத்திலிருந்து வாட்ஸ்அப்பில் 'இன்றே முடிக்கவும்' என்று நிமிடத்துக்கு ஒன்று வந்தது. அப்படியும் அழகியை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"தப்புன்னு தெரியுதும்மா. ஆனா இப்பப் போய் மாத்துனா ஊர்ப் பட்டியல் மொத்தமும் திரும்ப மேல போகணும். மத்த முப்பது பேருக்கும் நின்னுபோகும். மார்ச் கழியட்டும்."

"மார்ச் கழிஞ்சா பட்டியலும்ல கழிஞ்சுபோகும் சார்?"

"அடுத்த வருசம் மொதப் பேரு ஒங்க பேருதேன்."

(குறிப்பு: எங்கள் அலுவலகத்தில் 'இல்லை' என்பதை மரியாதையாகச் சொல்ல 'அடுத்த வருடம்' என்போம்.)

நல்ல மனிதர். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அவர் கெட்டவராக இருந்திருந்தால் கதையாவது ஒழுங்காக வந்திருக்கும்.

3, மறுபடியும்

சரி, வீடு வீடாகக் கணக்கெடுத்தவன் வில்லனாக இருக்கட்டும். கண்ணன் என்று பெயர் வைத்தேன். பெரிய வீட்டு முகப்பில் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நிற்கிறான். ஒரு நாளைக்கு அறுபது வீடு முடித்தாக வேண்டும். பின்பக்கம் போய்ப் பார்க்க நேரமில்லை. முகப்பைப் படம் எடுக்கிறான். சத்தம் கேட்டு வந்த அழகியிடம் கேட்கிறான்.

"வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

இந்தப் பக்கம் எந்தப் பெண்ணிடம் அப்படிக் கேட்டாலும் புருஷன் பெயரைத்தான் சொல்வாள். அழகியும் சொன்னாள், கொஞ்சம் வெட்கத்தோடு.

"இருளாண்டிங்க."

"எத்தன ரூமு?"

"நாப்பத்திரெண்டு. தெனமும் கூட்டுறவளுக்குத் தெரியாதா?"

கண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான், மடையன்.

(குறிப்பு: கண்ணன் என்று எவனும் கிடையாது. கணக்கெடுக்க ஆள் பற்றாமல் எங்களையும் அனுப்பினார்கள். வலையபட்டிக்குப் போனவன் நான். கேட்டவன் நான். இதை எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது.)

4

நேற்று அதிகாரி என்னையும் அழகியையும் கூப்பிட்டார். என்னைப் பார்த்ததும் அழகி எழுந்துவிட்டாள்.

"நீங்கதேன சார் கேட்டீக? வீட்டுக்காரரு பேரக் கேட்டா சென்னையில இருக்குற மொதலாளி அப்பச்சி பேரையா சொல்லுவேன்? எனக்குத் தாலி கட்டுனவரு பேரத்தேன் சொல்லுவேன்! இது ஒன் வீடாடின்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் சிரிச்சிருப்பேன்ல. நீங்களும் முழிச்சிருப்பீக."

"என் தப்புதேன்க்கா," என்றேன்.

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? சொல்ல வேண்டிய எடத்துல சொல்லுங்க."

அதிகாரி தொண்டையைச் செருமினார். "ஒரு வழி இருக்கு தம்பி. கணக்கெடுத்தவரு, நேர்ல பாக்காம நாந்தேன் தப்பாப் பதிஞ்சேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, இந்த ஒரு பேர மட்டும் தனியாத் திருத்தலாம். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள வேணும். ஆனா அப்புறம் ஒங்க ஒப்பந்தத்த நீட்டிக்கச் சொல்லி என்னால கேக்க முடியாது. யோசிச்சுக்கங்க."

"நாளைக்கு எழுதித் தாரேன்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

5

முடிவுகள்.

(அ) கணக்கெடுத்தவன் கடிதம் எழுதுகிறான். வேலை போகிறது, அழகிக்கு வீடு வருகிறது. படிக்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அவன் வீட்டில் மட்டும் யாரும் துடைத்துக்கொள்ளவில்லை, அவன் மனைவி யோகலட்சுமி கரண்டியைத் தூக்கி எறிகிறாள்.

(ஆ) அவன் எழுதவில்லை. அழகியும் இருளாண்டியும் மூன்று சென்ட்டில் தார்ப்பாய் கட்டிக்கொள்கிறார்கள். அவன் எழுதிய கதை பத்திரிகையில் வருகிறது. 'என்ன ஒரு அறச்சீற்றம்!' என்று நாலு பேர் பாராட்டுகிறார்கள். தூ!

(இ) அதிகாரியே மனம் மாறி

இப்போது மணி நாலு இருபது. (இ)யை எழுதிக்கொண்டிருக்கும்போதே அழகி உள்ளே வந்துவிட்டாள். எழுத்துக்கூட்டிப் படிப்பாள். மேசையில் கிடக்கும் தாள்களை எட்டிப் பார்க்கிறாள். ஒரு வரியின் மேல் விரல் வைக்கிறாள்.

"அ... ழ... கி. எம்பேருதேன! இங்குட்டு அவுக பேரும் இருக்கு. இம்புட்டுப் பக்கமா எழுதுனீக, எனக்காகவா?"

தாள்களை அள்ளி என் பக்கம் இழுத்துக்கொள்கிறேன்.

"நேத்து வாய்க்கு வந்தபடி பேசிப்புட்டேன் சார், மனசுல வச்சுக்கிறாதீக. நல்லா இருப்பீக. இந்தா, அதிகாரி உள்ளதேன் இருக்காரு. குடுங்க, நானே கொண்டு போய்க் குடுக்குறேன்."

கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். இது அந்தக் கடிதம் இல்லை என்று அவளிடம் சொல்ல என்னால் முடியவில்லை. இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். நீங்கள் சொல்லுங்கள்.