திரும்பி வந்த சீர்ப்பாய்

"திருடினவர் பக்கத்துல கோட்டு போட்டவர் ஒருத்தர் நிக்கிறாரே, எங்கம்மா பக்கத்துல மட்டும் ஏன் யாருமே இல்ல?"

பதினோரு ஆண்டுகளுக்கு முன், சவாயித் தீவின் நீதிமன்றத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி கேட்ட கேள்வி இது. அங்கே தரை பெருக்கிக்கொண்டிருந்த ஃபுவாதினோவின் காதில் அது விழுந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கை முறிந்து கட்டுப் போட்டிருந்த அந்தத் தாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்ல அவளுக்கு வரவில்லை. இடுப்பில் செருகியிருந்த ஓலை விசிறியை எடுத்து, விசாரணை முடியும்வரை வீசிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தாய்தான் ஒலோவா. பெட்டிக்கடையைக் கொள்ளையடிக்க வந்தவனிடம் அடிபட்டவள். பின்னாளில் அவளும் ஃபுவாதினோவோடு சேர்ந்துகொண்டாள். இப்போது அவர்கள் ஐந்து பெண்கள். கட்டடம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. அடிபட்டவரோ பறிகொடுத்தவரோ, வழக்கன்று அவர் பக்கத்தில் ஒருத்தி உட்காருவாள். அவ்வளவுதான் அவர்கள் தொண்டு.

பெரிய வழக்குகள் மட்டும் கடல் தாண்டி, தலைநகர் ஆப்பியாவில் நடக்கும். வரும் செவ்வாய்க்கிழமை சியெனியின் வழக்கு. பத்தொன்பது வயதுப் பெண். "நீங்க பக்கத்துல இல்லாட்டி நான் படகே ஏற மாட்டேன் அத்தை" என்று ஃபுவாதினோவிடம் சொல்லிவிட்டாள். துணைக்குப் போகிறவளின் படகுக்கட்டணத்துக்கும் தங்கும் செலவுக்கும் ஐவரிடமும் ஒன்றும் மிச்சமில்லை. இப்படிப்பட்ட சிறு குழுக்களுக்கென்றே ஒரு நிதியம் மூவாயிரம் தாலா பணம் தருவதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை, நேரில் பார்த்துப்போக பெனினா என்ற அதிகாரி வந்தே விட்டாள்.

ஐவருக்கும் கால் தரையில் பாவவில்லை. பெனினா வந்ததும் ஒரு விதியைச் சொன்னாள்: பார்வையிட வருகிறவருக்குப் பரிசு கொடுத்தால் விண்ணப்பம் தள்ளுபடி. ஓர் இளநீரை மட்டும் வாங்கிக்கொண்டு, அதைத் தண்ணீர் கணக்கில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிச் சிரித்தாள். சியெனியோடு தனியாக வெகுநேரம் பேசினாள். போகும்போது ஃபுவாதினோவின் கையை இறுகப் பற்றினாள்.

கார் மறைந்த பிறகுதான், கொல்லையில் சூட்டுக்கல் அடுப்போடு மல்லாடிக்கொண்டிருந்த ஒலோவா பெருமையோடு முன்னால் வந்தாள். காரின் பின்பெட்டியில் தன் சீர்ப்பாயை வைத்துவிட்டாளாம். நல்லது கெட்டதில் சீராகக் கொடுக்கிற, சிவப்பு இறகுக் கரை போட்ட பாய். அவள் தாய் வீட்டிலிருந்து வந்த ஒரே சொத்து. விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் அந்தத் தீவில் யாருக்குத்தான் உண்டு?

ஃபுவாதினோ விதியைச் சொன்னாள். ஒலோவாவின் முகம் வெளுத்தது.

"அதுக்காக? குடுத்த சீரைப் போய்த் திருப்பிக் கேப்பியா அக்கா? அப்புறம் நம்மள எவ மதிப்பா?"

"சியெனி தனியா நிப்பாளே, ஒலோவா."

ஃபுவாதினோ அதற்கு மேல் நிற்கவில்லை. ஓடினாள். பருத்த உடம்பு, ஐம்பத்தாறு வயது, பாதி வழியில் ஒரு செருப்பு போயிற்று. துறையில் படகு ஒருமுறை ஊதிவிட்டது. கார்கள் ஒவ்வொன்றாக உள்ளே ஏறிக்கொண்டிருந்தன. படகின் ஏற்றுப்பலகைக் காவலன் அவள் ஓடிவந்த கோலத்தைப் பார்த்து, கேள்வி கேட்காமல் கையை உயர்த்திக் கடைசிக் காரை நிறுத்தினான். அது பெனினாவின் கார்.

துறையே பார்த்திருக்க, ஃபுவாதினோ பின்பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பாயை எடுத்துக்கொண்டாள். பெனினாவும் அந்த மண்ணில் பிறந்தவள்தான். இது எப்பேர்ப்பட்ட அவமானம் என்று அவளுக்குத் தெரியும்.

"நீங்க வராட்டி உங்க பேரைப் பட்டியல்ல நானே அடிக்க வேண்டியிருந்திருக்கும்மா" என்றாள் மெதுவாக. "அக்கரை போனதும் போன் பண்றேன்."

படகு நகர்ந்தது. தேங்காய் விற்பவள் உரக்கச் சொன்னாள்: "நீ எங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் பாய் குடுத்தா, திருப்பி எடுத்துட்டுப் போகாம இருக்க வாசல்ல காவல் வேற போடணும்போல, ஃபுவாதினோ."

சிரிப்பு அடங்கி, கூட்டம் கலைந்து, துறை காலியானது. பாயை மடியில் வைத்துக்கொண்டு அவள் மரப்பலகையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. உதடு ஜெபித்துக்கொண்டே இருந்தது. தொலைபேசி அடித்ததும் எடுத்துக் காதில் வைத்தாள். பெனினாதான்.

"மேலிடத்துல ஒத்துக்கிட்டாங்கம்மா. செவ்வாய்க்கு ரெண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துடுங்க."

கர்த்தருக்கு நன்றி சொன்னாள், சிரித்தாள், எழுந்து நின்றாள். யாரிடமாவது கத்திச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. பிறகு மடியிலிருந்து சரிந்த பாயைப் பார்த்தாள். ஒலோவாவின் முகத்தில் எப்படி விழிப்பது? மறுபடி உட்கார்ந்தாள், கண் நிறைந்தது. நன்மைக்காகப் பட்ட அவமானமும் அவமானம்தான். பக்கத்தில் ஒருவர் இருந்தால்தான் அதன் பாரம் குறையும்.

வியர்த்த கழுத்தில் காற்று பட்டது.

திரும்பினாள். ஒலோவா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் ஃபுவாதினோ வழியில் விட்ட செருப்பு. மறுகையில் ஓலை விசிறி. ஆளில்லாத அந்தத் துறையில், நிதானமாக வீசிக்கொண்டேயிருந்தாள்.