பக்கத்து நாற்காலியின் குறை

அலுவலகத்தில் அவளுக்குப் படிவக்காரி என்று பெயர். ஒரு திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, அதில் சேர்ந்தவர்களுக்குப் பயன் இருக்கிறதா என்று இணையத்தில் கேட்டறியும் படிவம் செய்வது அவள் வேலை. பக்கத்து நாற்காலிக்காரர் போன வருடமே வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் வேலையும் இவள் தலையில்தான். அந்த நாற்காலியில் இப்போது இவளுடைய சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருக்கிறது.

தையல் பயிற்சிக்கு அனுப்பிய படிவம் திரும்பி வந்தது. நாற்பது பெண்கள், எல்லாக் கேள்விக்கும் ‘மிக நன்று’. மெஷின் எத்தனை முறை பழுதானது என்பதற்கும் மிக நன்று.

“என்னம்மா இது, கல்யாண வாழ்த்து மாதிரி இருக்கு?” என்றார் மேலாளர். “வெள்ளிக்கிழமைக்குள்ள உருப்படியா ஒண்ணும் வரலேன்னா, வெளி ஆளை வெச்சுப் பார்த்துக்கறேன்.”

வேலை போனால் படிவக்காரி என்ன செய்வாள்? வார்த்தைகளுக்குப் பதிலாகச் சிரிக்கும் முகம், அழும் முகமெல்லாம் போட்டுப் படிவத்தை மறுபடி அனுப்பினாள். நாற்பது பேரும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல், அங்கே தையல் படிக்கும் தன் அத்தையிடமே போய் நின்றாள்.

“டீச்சர் தினமும் கையில டீ கொடுக்கறாங்க. அதைக் குடிச்சிட்டு அவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வருமா?” என்றாள் அத்தை. பிறகு குரலைத் தாழ்த்தினாள். “எனக்கு ஒண்ணுமில்லடி. பக்கத்துல இருக்காளே, இவளுக்குத்தான் மெஷின் பத்தலைன்னு மனசே ஆறல.”

பக்கத்துப் பெண்ணைக் கேட்டால், “எனக்கென்ன, நல்லா இருக்கேன். உங்க அத்தைதான் பாவம், நேரம் ஒத்து வராம தவிக்கறாங்க” என்றாள்.

படிவக்காரி அங்கேயே மடிக்கணினியைத் திறந்தாள். எல்லாக் கேள்விகளையும் அழித்துவிட்டு ஒன்றே ஒன்று எழுதினாள்: ‘உங்கள் பக்கத்து நாற்காலிக்காரருக்கு என்ன குறை?’

மறுநாள் பதில்கள் கொட்டின. ஊசி உடைகிறது, வெளிச்சம் போதவில்லை, டீயில் சர்க்கரை இல்லை. சுவரோரம் தனியாக உட்காரும் பெண்மணி மட்டும், சுவருக்கு ஈரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மேலாளர் அறிக்கையோடு இவள் இடத்துக்கே வந்தார். “பிரமாதம்மா. இனிமே எல்லாத் திட்டத்துக்கும் உங்க படிவம்தான்.” போகிறவர் நின்று கேட்டார். “ஆமா, உங்களுக்கு இங்க ஏதாவது குறை இருக்கா?”

போன உயிர் அப்போதுதான் திரும்பி வந்திருந்தது அவளுக்கு.

“எனக்கு ஒண்ணுமில்ல சார், ரொம்ப நல்லா இருக்கேன்” என்றாள். “பக்கத்து நாற்காலிக்குத்தான் மனசே ஆறல.”

மேலாளர் திரும்பிப் பார்த்தார். சாப்பாட்டுப் பை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.