சோப்பு வாளிகளுக்கு நடுவே

சலவை வண்டி ஓட்டுநர் கதவைத் தட்டவில்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தின் ஸ்டோர் ரூமில் நான் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உள்ளே வந்தார். சோப்பு வாளி ஒன்றை எடுத்தார். எடுத்த பிறகும் போகாமல் நின்றார்.

"ஸ்டோர்தானே, யார் வேணா வரலாம்" என்று சிரித்தார்.

ஏழு வருடம் இதே கூடத்தில் ஓர் ஆணின் பெயரில் வேலை பார்த்தவள் நான். ஆறு மாத விடுப்புக்குப் பின் பெண்ணாகத் திரும்பி வந்தேன். ஆண்கள் அறை இனி சரிவராது, பெண்கள் அறை இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்ன சூப்பர்வைசர், கிழிந்த விரிப்புகளுக்கும் சோப்பு வாளிகளுக்கும் நடுவே உடை மாற்ற இடம் காட்டினார். "உன் வசதிக்குத்தாம்மா" என்றார். 'அம்மா' என்று கூப்பிட்டுவிட்டாரே என்று மனம் குளிர்ந்துபோனது. அந்த ஒரு சொல்லுக்காக மூன்று வாரம், தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு முதுகைக் காட்டி நின்றேன். கழித்துப் போட்டதை எல்லாம் அடைத்துவைக்கிற இடத்தில் தினமும் நின்றால், நாமும் அந்த ரகம்தானோ என்று நமக்கே தோன்ற ஆரம்பித்துவிடுகிறது.

சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டு, நேரே பெண்கள் அறைக்குப் போனேன்.

பேச்சு நின்றது. ஏழு வருடம் என்னைத் 'தம்பி' என்று அழைத்த, துணி மடிக்கும் அக்கா சீப்பும் கையுமாகத் திரும்பினார்.

"இங்க எங்க வந்த?"

"வேலைக்கு வந்தேங்க்கா. டிரஸ் மாத்தணும்."

"சூப்பர்வைசர்கிட்ட கேட்டியா?"

"நீங்க கேட்டுட்டா வந்தீங்க?"

இன்னொரு பெண் பொத்தானைப் போட்டும் போடாமலும் என்னைவிட்டு விலகி வெளியே ஓடினாள். அக்கா என் முகத்தையே பார்த்தார்.

"வாய் மட்டும் கொறையல ஒனக்கு. கதவைச் சாத்து, நாலு பேர் நடமாடுற எடம்."

எந்தப் பக்கம் நின்று சாத்துவது என்று நான் கேட்கவில்லை. உள்ளே நின்று சாத்தினேன்.

சீருடையை விரிப்பதற்குள் கதவு அதிர்ந்தது. "அவன் உள்ள இருக்கானா?" சூப்பர்வைசரின் குரல். மூன்று வாரத்து அம்மா, ஒரு நிமிடத்தில் அவனாகிவிட்டாள்.

"இருக்கேன் சார். டிரஸ் மாத்திட்டு வரேன்."

"ஒனக்குத்தான் ஸ்டோர் குடுத்திருக்கேனே!"

"அதுல வாளிய வெச்சுக்கோங்க சார்."

கண்ணாடியில் அக்காவின் உதட்டோரம் மட்டும் லேசாகத் துடித்தது. சிரிப்பா கோபமா தெரியவில்லை. கதவின் அடியில் இரண்டு கறுப்பு ஷூக்கள் நகராமல் நின்றன. நான் சீருடையின் முதல் பொத்தானை, அவசரப்படாமல், போட ஆரம்பித்தேன்.