மூன்றாம் எண்ணில் என் வீட்டுக்காரர்

ஒன்பது வருடமாக ஆண் எலிகளோடு குப்பை கொட்டுகிறேன். எங்கள் ஆய்வகத்தில் அவற்றின் மூளைக்குள் முடி அளவு கண்ணாடி இழையை இறக்கியிருப்பார்கள். அதன் வழியே நீல ஒளியைப் பாய்ச்சினால் எலி பக்கத்தில் இருப்பதன் மேல் ஏறும். பெட்டை இல்லாவிட்டால் ரப்பர் கையுறை மேல் ஏறும். ஒளியை நிறுத்தினால் பாதியில் இறங்கி மூலையில் போய் உட்கார்ந்துவிடும். எனக்குச் சிரிப்பாக வரும். போன மாதம் வரை வந்தது.

போன மாதம்தான் என் வீட்டுக்காரருக்குக் கைநடுக்கம் நிற்க மூளையில் மின்கம்பி வைத்தார்கள். நடுக்கம் நின்றது. பன்னிரண்டு வருடமாக என்னைச் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்த மனுஷன், சமையலறை வாசலில் வந்து நின்று, "கண்ணு, இந்தக் கலர் உனக்கு எடுப்பா இருக்கு" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்புறம் சந்தேகம் வந்து தொலைத்தது. ஆசைப்படுவது இவரா, கம்பியா?

கம்பிக்கான ரிமோட் என் கைப்பையில்தான் இருக்கும். மூன்றாம் எண்ணில் வைத்திருந்தார்கள். தேவைப்பட்டால் இரண்டுக்குக் குறைக்கலாம், அப்போதும் நடுக்கம் வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எலிகளைச் சோதிப்பதுபோலவே அவருக்குத் தெரியாமல் ஆறு நாள் மாற்றி மாற்றி வைத்து, காலண்டரில் புள்ளி வைத்தேன். மூன்றில் வைத்த நாளெல்லாம் என்னைத் தேடி வந்தார். இரண்டில் வைத்த நாளெல்லாம் வரவில்லை. ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

ஏழாம் நாள் மதியம், மூன்றில் இருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னை ரொம்ப அழ வெச்சிட்டேன்ல? இனிமே..." என்று ஆரம்பித்தார்.

பைக்குள் என் விரல் ரிமோட்டில் இரண்டை அழுத்தியது.

பிடி தளர்ந்தது. முகத்தில் கோபமில்லை, வெறுப்பில்லை, ஒன்றுமே இல்லை.

"என்ன சொல்ல வந்தீங்க?"

"ஒண்ணுமில்லையே. டீ இருக்கா?"

இதுதான் நான் குடும்பம் நடத்திய ஆள். இவரே போதும் என்று கொஞ்ச நேரம் வைராக்கியமாக உட்கார்ந்திருந்தேன். பிறகு மூன்றை அழுத்தினேன்.

"கண்ணு, ஏன் அழற?"

"ஏதோ இனிமேன்னீங்களே. அதைச் சொல்லுங்க."

"உன்னை ரொம்ப அழ வெச்சிட்டேன்ல? இனிமே..." என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே சொல், அதே குரல், அதே இடத்தில் மூச்சு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கடைசிவரை கேட்டேன்.