தாயி கார்டில் எழுதாத மாத்திரை

பிரசவ வார்டு வாசலில் நர்ஸ் பவுலின் கேட்டது வழக்கமான கேள்விதான். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறியாம்மா?"

"சத்து மாத்திரை மட்டுந்தான் சிஸ்டர்," என்று யசோதாவின் மாமியார் முந்திக்கொண்டாள்.

யசோதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனச்சோர்வுக்காக மூன்று வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவள் அவள். கர்ப்பம் என்று தெரிந்ததும், பிள்ளைக்கு ஆகாது என்ற மாமியார் பேச்சைக் கேட்டு, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நிறுத்தினாள். நாலாம் மாதம் மொட்டைமாடிச் சுவரோரம் போய் நின்றவளைப் புருஷன் நரேஷ்தான் கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தான். டாக்டர் ஷில்பா மறுபடி மாத்திரையை ஆரம்பித்தபோது ஒளிக்காமல் சொன்னார்: "சாப்பிட்டா கொஞ்சம் ஆபத்து இருக்கு. உங்களுக்கு நிறுத்தறதுதான் பெரிய ஆபத்து. பொறந்ததும் சில குழந்தைங்களுக்கு மூச்சு வாங்கும், நடுக்கம் வரும். பிரசவம் பாக்கறவங்ககிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க."

அதைத்தான் மாமியார், கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் தாயி கார்டில் எழுத விடவில்லை. வீடுவீடாக வந்து கார்டைப் பார்க்கிற ஆஷா சுகாதாரப் பணியாளர் இவர்கள் சந்திலேயே குடியிருக்கிறாள். பெங்களூர் மர்பி டவுனில் காலையில் ஒரு காதுக்குப் போனது சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கச் சுற்றிவிடும்.

இடுப்பு வலி ஒரு சுற்று வந்து போகும்வரை யசோதா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடறேன். தெனம் ஒண்ணு. எழுதிக்குங்க."

"ஏய், சும்னிரு!" கோபம் வந்தால் மாமியாருக்குக் கன்னடம்தான் முதலில் வரும். "பைத்தியம்னு பட்டம் கட்டிடுவாங்கடி!"

"கட்டட்டும் அத்தை. எம்புள்ளைக்கு மூச்சு முட்டினா அவங்களா வந்து பாப்பாங்க?"

பவுலின் எழுதிக்கொண்டாள். குழந்தை டாக்டருக்கும் போன் போட்டாள்.

மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. அழுதது, பால் குடித்தது. எல்லார் முகத்திலும் சிரிப்பு. ஆனாலும் பவுலின் கால்மணிக்கு ஒருதரம் வந்து பார்த்தபடியே இருந்தாள். இரண்டு மணி நேரம் கழித்து, குழந்தையின் நெஞ்சு குழிவிழுந்து குழிவிழுந்து எழுவதைக் கண்டு, அள்ளிக்கொண்டு ஓடினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூக்கில் குழாயோடு குழந்தை கிடந்தது. மாமியார் வெடித்தாள். "பாத்தியா? எல்லாம் உன் மாத்திரை பண்ண வேலை!"

யசோதா அழுதுகொண்டேதான் பதில் சொன்னாள். "இருக்கலாம் அத்தை. அதுக்குத்தான் சொன்னேன். சொல்லலன்னா தூங்குதுன்னு நெனச்சு விட்டிருப்போம்."

மாமியார் கண்ணாடியோரம் போய் நின்றுகொண்டாள்.

மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். குழந்தை வார்டே அதிரக் கத்தியது. பவுலின் அதை மாமியார் மடியில் கொண்டுவந்து வைத்தாள். அவள் பேத்தியின் நெஞ்சு ஏறி இறங்குவதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"யசோதா, இன்னிக்கு மாத்திரை போட்டியா?"